அம்மாக்களின் நினைவு இருக்கும்போதே கேளுங்கள்: மலேசியச் சுகாதார அமைச்சுக்கும் சமூக நல இலாகாவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதார அமைச்சு, சமூக நல இலாகா அதிகாரிகளுக்கு,

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் என் அம்மாவும் நானும் 1982இல் பிறந்த என் தம்பியும் வாழ்கிறோம். தம்பியின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டையில் 'கற்றல் குறைபாடு' என்று இருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழ் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களும், ஆட்டிசம் உள்ளவர்களும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் அடங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தம்பிக்குச் சிறுவயதில் சொல்லப்பட்டது 'மூளை வளர்ச்சி குறைவு' என்ற ஒரே சொல்தான். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அவனைப் பார்த்த எவரும், அந்தச் சொல்லோடு ஆட்டிசமும் சேர்ந்து இருக்குமா என்று கேட்கவில்லை. அவன் வயதில் இருக்கும் மற்றவர்களிடமாவது அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்வதற்காகவே இந்த மடல். கேட்பதற்கு இருக்கும் காலம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பியைப் பெர்ரியில் பட்டர்வொர்த்துக்கு அழைத்துப் போய், ஒரு தே ஓ குடித்துவிட்டு, அடுத்த பெர்ரியிலேயே திரும்பி வருவார். அப்பாவுக்குப் பிறகு அந்த வழக்கத்தை நான் தொடர்ந்தேன். மேல்தளத்தில் இடப்பக்கக் கடைசிப் பெஞ்சில்தான் தம்பி உட்காருவான். அங்கே வேறு யாராவது இருந்தால் அவர்கள் எழும்வரை பக்கத்திலேயே நிற்பான். 2021இல் பழைய பெர்ரிகள் ஓய்வுபெற்று, பயணிகள் விரைவுப் படகில் ஏற்றப்பட்டார்கள். அந்தப் படகில் மேல்தளமும் இல்லை, அவனுடைய பெஞ்சும் இல்லை. துறையின் இரும்புக் கம்பியில் அவன் நெற்றியை மோதிக்கொண்டதை நான் தடுப்பதற்குள் இரத்தம் வந்துவிட்டது. அடுத்த சில வாரங்கள் வீட்டில் கதவையும் சுவரையும் தன்னையும் அடித்துக்கொண்டான், இரவில் தூங்கவில்லை.

ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பிறரை அடிக்கிறானா, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், முன்பு என்ன மருந்து என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கனிவாகவே கேட்டார்கள். வெளியே காத்திருந்த கூட்டத்தையும் நான் பார்த்தேன். ஆனால் "அண்மையில் அவருடைய வாழ்க்கையில் என்ன மாறியது?" என்ற கேள்வி வரவில்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் சில வேளை இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று சொல்லி ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். அடுத்தடுத்த வருகைகளில் அதன் அளவு இருமுறை கூட்டப்பட்டது. எட்டு மாதத்தில் தம்பியின் எடை 11 கிலோ ஏறியது, இரத்தத்தில் சர்க்கரையும் ஏறத் தொடங்கியது. அமைதியாக இருந்தான் என்பது உண்மை. சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சோபாவில் சாய்ந்து கிடந்த அமைதி அது.

தெரிந்த ஒரு குறை, அதன் பின்னால் இருக்கும் மற்றொன்றை மறைத்துவிடுவதற்கு மருத்துவ உலகம் 'நோயறிதலை மறைக்கும் நிழல்' (diagnostic overshadowing) என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்தவுடன், அவருடைய பல்வலி, மனச்சோர்வு, பயம், ஆட்டிசம் எல்லாவற்றையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிடும் பழக்கம் இது. கணக்கு எழுதுபவர் கெட்டவர் என்பதில்லை. நிழல் அவ்வளவு பெரியது. அதன் விலையை இங்கிலாந்து அளந்து பார்த்திருக்கிறது. அங்கே பொதுச் சுகாதாரத் துறை 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை, தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமலே மனநோய் மருந்தையோ மனச்சோர்வு மருந்தையோ அல்லது இரண்டையுமோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டே அந்நாட்டுச் சுகாதாரச் சேவை இதைக் குறைப்பதற்கென்று ஒரு நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுகாதாரக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தைக்கு, ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் வினாப்பட்டியல் நிரப்பப்படுகிறது; என் மகளுக்கு நானே நிரப்பியிருக்கிறேன். உங்கள் அமைச்சு 2014இல் ஆட்டிசத்துக்கென மருத்துவ வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் அதன் தலைப்பிலேயே 'குழந்தைகளும் பதின்ம வயதினரும்' என்றுதான் இருக்கிறது. எம்-சாட் வந்ததே 2001இல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலில் ஆட்டிசம் தனிப்பெயராக இடம்பெற்றது 1980இல். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த என் தம்பியை ஓர் எஸ்டேட் மருந்தகத்தில் அந்தக் கண்ணோடு பார்க்க யாரும் இருந்திருக்க முடியாது. ஆகவே இன்று முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் ஒரு தலைமுறை, சோதனை வருவதற்கு முன்பே குழந்தைப் பருவத்தைக் கடந்துவிட்டது. அவர்கள் இன்று பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்களிலும் இல்லங்களிலும் வீட்டு மூலைகளிலும் இருக்கிறார்கள்.

தம்பிக்கு விடை கிடைத்தது தற்செயலாகத்தான். என் சேமிப்பை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரில் ஓர் உளவியல் நிபுணரிடம் போனோம். அவர் தம்பியோடு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி, "இவருக்கு மூன்று நான்கு வயதாக இருந்தபோது, ஏதாவது வேண்டும் என்றால் எப்படிக் கேட்பார்?" என்று கேட்டார்.

அப்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. சற்று நேரம் யோசித்தார். பிறகு நிபுணரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளை மீது வைத்துக் காட்டினார். "இப்படித்தான் ஐயா. என் கையைப் பிடிச்சிக் கொண்டுபோய் மைலோ டின் மேல வைப்பான். என் முகத்தப் பாக்கமாட்டான். கையத்தான் கூப்பிடுவான், என்னைக் கூப்பிடமாட்டான்." பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஆனால் அடுப்படியில் பிஸ்கட் டின் மூடி திறக்கும் சத்தத்துக்கு ஓடிவருவான் என்றும் சொன்னார். காது கேட்கவில்லையோ என்று பயந்து அந்தக் காலத்திலேயே சோதித்துப் பார்த்ததும், காதில் குறையில்லை என்று அனுப்பிவிட்டதும் அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

அம்மா முப்பத்தெட்டு ஆண்டுகள் சுமந்த விவரம் அது. எங்கும் பதிவாகாத அந்த விவரம்தான் முடிவைத் தீர்மானித்தது. மேலும் இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு, தம்பிக்கு மிதமான அறிவுத்திறன் குறைபாட்டோடு ஆட்டிசமும் இருக்கிறது என்று நிபுணர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. பேச்சு குறைவாக இருப்பதும், நட்பு இல்லாதிருப்பதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் கடுமையான அறிவுத்திறன் குறைபாட்டிலும் காணப்படும். நான் முன்பு சொன்ன அமெரிக்கப் பகுப்பு நூலின் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. ஒருவருடைய மன வளர்ச்சி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடவும் அவருடைய சமூகத் தொடர்பு குறைந்திருந்தால்தான் ஆட்டிசமும் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். தம்பி போகும் மையத்தில் டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு நண்பர் இருக்கிறார். எண்ணத் தெரிவது, உடுத்திக்கொள்வது, பேசும் சொற்களின் அளவு என எதிலும் இருவரும் ஏறக்குறைய ஒரே நிலைதான். தீபாவளிக்கு மறுநாள் அந்த நண்பர் வாசலுக்கே ஓடிவந்து, காலைத் தூக்கித் தன் புதுச் செருப்பை எனக்குக் காட்டினார், நான் அதைப் பார்த்துவிட்டேனா என்று என் முகத்தையும் பார்த்தார். தம்பியும் புதுச் செருப்புதான் போட்டிருந்தான். அவன் தன் வாழ்நாளில் எதையும் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. கிளினிக்கில் பதினைந்து நிமிடத்தில் தெரியாத அந்த வேறுபாடு, கூடவே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கான கருவிகளும் இல்லாமல் இல்லை, ஆனால் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர்களுக்கென்று பரவலாகப் பேசப்படும் 50 கூற்றுகள் கொண்ட ஏ.க்யூ. வினாப்பட்டியல், தன்னைப் பற்றித் தானே படித்து விடையளிப்பவர்களுக்கானது. எழுத்தறியாத, மூன்று சொல்லில் பேசும் ஒருவருக்கு அது பயன்படாது. நேரடி மதிப்பீட்டுக்குப் புகழ்பெற்ற ஏடாஸ் சோதனையின் முதல் பகுதியில் சோப்புக் குமிழி ஊதுவதும் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதும் வருகின்றன. நரைத்த தலையோடு இருக்கும் ஒரு மனிதரிடம் அவற்றை அப்படியே செய்யச் சொல்வது அவருடைய கண்ணியத்துக்கும் அழகில்லை, கிடைக்கும் விடைக்கும் உறுதியில்லை. எஸ்.சி.க்யூ. என்ற வினாப்பட்டியலில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய 40 கேள்விகள் இருக்கின்றன, ஆனால் அதன் வாழ்நாள் படிவத்தில் சுமார் பாதி, அவர் நான்கு ஐந்து வயதில் எப்படி இருந்தார் என்றுதான் கேட்கிறது. ஜெர்மனியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட டிபாஸ்-ஆர் பட்டியலில் 19 கேள்விகள் உள்ளன. மருத்துவரல்லாத பராமரிப்பாளரே, இப்போதைய நடத்தையை மட்டும் வைத்து அதை நிரப்பலாம். பெற்றோர் இல்லாமல் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றே வழியாக இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் மொழிபெயர்த்து, நம் மக்களிடம் சரிபார்த்து முடிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, மிதமான அல்லது கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் ஆட்டிச ஐயம் எழும்போது, அவரை நன்கறிந்த குடும்பத்தாரிடமோ பராமரிப்பாளரிடமோ விசாரித்து ஒரு சுருக்கமான மதிப்பீடு செய்யச் சொல்கிறது. கொடுத்தும் வாங்கியும் பழகுவதில் சிரமம், பிறரைக் கண்டுகொள்ளாமை, இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி நடத்தை மாறாதிருத்தல், பிறர் நோவுக்குப் பரிவு காட்டுவது குறைவாக இருத்தல், மாற்றத்தை ஏற்காத கடும் வழக்கம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய ஆறில் இரண்டு இருந்தாலே முழு மதிப்பீட்டுக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. இதற்குச் செலவுமிக்க கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு தாதியோ பி.டி.கே. பணியாளரோ ஒரு காலைப் பொழுதில் கேட்டு முடிக்கலாம். 1984இல் திரங்கானுவில் ஒரே மையத்தோடு தொடங்கிய பி.டி.கே. இன்று எல்லா மாநிலங்களிலும் வேரூன்றியிருக்கிறது. இந்தப் பெரியவர்களை நாள்தோறும் பார்ப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சமூக நல இலாகா அவர்களுக்குப் பயிற்சியும், சுகாதார அமைச்சு அவர்கள் அனுப்பும் ஆட்களுக்கு ஒரு கதவும் கொடுத்தால் இது நடக்கும்.

அந்தக் கதவைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முன்சோதனை என்பது முடிவு அன்று. காது மந்தமாகிவிட்டவர், பார்வை மங்கியவர், வாய் திறந்து சொல்ல முடியாத பல்வலியோ மலச்சிக்கலோ உள்ளவர், சிறுவயது முதல் இல்லத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தவர், மனச்சோர்வில் இருப்பவர் ஆகிய எல்லோருமே ஒரு வினாப்பட்டியலில் ஆட்டிசம் போலத் தெரியலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் ஒதுங்கத் தொடங்கினால் அது தைராய்டாகவோ மறதி நோயின் தொடக்கமாகவோ இருக்கலாம். ஆகவே பட்டியலில் புள்ளி கூடியவர்களை முதலில் காது, கண், பல், வயிறு பார்த்து, பிறகு பெரியவர்களை மதிப்பிடத் தெரிந்த ஒரு குழுவிடம் அனுப்பும் ஏற்பாடு மாநிலத்துக்கு ஒன்றாவது வேண்டும். அதில்லாமல் தாளை மட்டும் நிரப்பினால், ஓகேயு கோப்பில் இன்னொரு தாள் சேரும், அவ்வளவுதான்.

கேட்கும் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் அம்மா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மலாயில் கடைக்குப் போய் வருவார், பிள்ளையின் குழந்தைப் பருவத்தை மலாயில் சொல்லத் தெரியாது. ஒரு கிளினிக்கில் பிள்ளையின் பொது வளர்ச்சி பற்றிய ஒரு வினாப்பட்டியலை முன்பு மலாயில் கேட்டபோது, 'பாவனை விளையாட்டு உண்டா' என்ற கேள்விக்கு, பையன் ஓடியாடி விளையாடினான் என்ற பொருளில் ஆமாம் என்று சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் அந்த நிபுணர் அதையே, "சொப்பு வைத்துச் சமைத்து விளையாடினானா? கடை வைத்து விளையாடினானா?" என்று கேட்டார். அம்மா உடனே இல்லை என்றார். சொப்புகளை வரிசையாக அடுக்குவான், ஒன்றை நகர்த்தினால் அழுவான் என்றார். அதே போல, 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா' என்ற கேள்வி நம் வீடுகளில் தடுமாற்றம் தரும், ஏனெனில் பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பணிவு. இவற்றை அறிந்தவர் தமிழில் கேட்டால்தான் விடைக்குப் பொருள் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே ஆயாக் கொட்டகைக்குப் போனவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பகல் முழுதும் அவர்களைப் பார்த்தது ஆயாவும், என்னைப் போன்ற அக்காக்களும்தான். அம்மாவுக்குத் தெரியாத சிலவற்றை எங்களிடம் கேட்கலாம்.

காலம் குறைவு என்று சொன்னதன் காரணம் இதுதான். தம்பி வயதில் இருப்பவர்களின் அம்மாக்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். மையத்தில் தம்பியோடு இருக்கும் ஆறு பேரில் மூவருக்கு அம்மா இல்லை. ஒரு குழந்தை எந்த வயதில் விரல் நீட்டிச் சுட்டியது, சுட்டியதா இல்லையா என்பது எந்த மருத்துவக் கோப்பிலும் இல்லை. அது ஒரே ஒரு மனிதரின் நினைவில் இருக்கிறது, அந்த மனிதர் போகும்போது அதுவும் போய்விடுகிறது. குழு அமைய, பயிற்சி முடிய, மொழிபெயர்ப்பு வர ஐந்து ஆண்டு ஆகட்டும். ஆனால் அம்மாக்களின் சொல்லைப் பதிவு செய்வதற்கு இவை எதுவும் தேவையில்லை. ஓகேயு பதிவு உள்ள, முப்பது வயது கடந்த ஒவ்வொருவரின் வீட்டிலும் உயிரோடு இருக்கும் தாயையோ தந்தையையோ மூத்த சகோதரரையோ அவரவர் மொழியில் ஒருமுறை உட்கார வைத்துக் கேட்டு, எழுதி, கோப்பில் வைக்க இந்த ஆண்டே உத்தரவிடுங்கள். மதிப்பீடு செய்பவர் பிறகு எப்போது வந்தாலும் அவருக்கு அந்தத் தாள் இருக்கும்.

நடத்தைக்காக மருந்து தொடங்குவதற்கு முன்பும் அளவைக் கூட்டுவதற்கு முன்பும், என்ன மாறியது, எங்கே வலிக்கிறது, ஆட்டிசம் இருக்குமா என்ற மூன்றையும் கேட்டதாக மருத்துவர் குறிப்பெழுத வேண்டும் என்று ஒரு விதி வந்தால் நன்றாக இருக்கும். இதைக் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சுகாதாரச் சேவை பெறும் உரிமையை வயது பார்த்துக் கொடுக்கவில்லை.

ஆட்டிசம் என்று தெரிந்த பின் என்ன மாறிவிட்டது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தம்பி மாறவில்லை, நாங்கள்தான் மாறினோம். குளிர்பெட்டிக் கதவில் வாரத்தின் ஏழு நாளும் படமாக ஒட்டியிருக்கின்றன; மாறப்போகும் நாளில் மூன்று நாள் முன்பே சிவப்புக் காந்தம் வைக்கிறோம். தைப்பூசத்தன்று இரதம் வரும் சாலையில் காதுக்கு உறையிட்டு நிற்கிறான். மருத்துவர் பார்வையில் மாத்திரை மெல்லக் குறைந்து இப்போது பாதியில் இருக்கிறது. முழுதும் நிற்குமா என்பது இனிமேல்தான் தெரியும். 2023இல் புதிய பெர்ரிகள் வந்தபோது, ஏறுவதற்கு முன் இரண்டு மாதம் அவற்றின் படத்தைத் தினமும் காட்டினேன். முதல் நாள் துறைவரை போய்த் திரும்பினோம். நான்காவது ஞாயிறு அவன் ஏறினான். இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தான்.

அம்மாவுக்கு இப்போது மறதி தொடங்கியிருக்கிறது. சில நாள் என்னையே தன் தங்கை என்று நினைத்துக்கொள்கிறார். தெளிவாக இருக்கும் காலை வேளைகளில் தம்பியைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. மையத்தில் இன்னும் மூன்று அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களும் சொல்லத் தயாராக இருக்கிறார்கள், எழுத நான் தயாராக இருக்கிறேன். இந்த நோட்டுகளைப் பெற்றுக்கொள்ள உங்கள் இரண்டு அலுவலகங்களில் எங்கே, யார் இருக்கிறார் என்று மட்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள். ஞாயிறு தவிர எந்த நாளிலும் நான் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
ஜெலுத்தோங், பினாங்கு.